உஷார்! மாலை போட வருகிறவர்களையும் கவனியுங்கள்

மகன் மாநில கபடி அணிக்குத் தேர்வாகிவிட்டான், மகள் தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கிவிட்டாள் என்று பூரித்துப்போய் இருக்கும் டெல்டாவின் பெற்றோரே, பயிற்சியாளர்களே, கொஞ்சம் உஷார்! மைதானத்தில் வரும் அடி இரண்டு வாரத்தில் ஆறிவிடும். பதக்கத்தோடு பிள்ளை ரயிலை விட்டு இறங்கும்போது மைக்கும் செல்போனுமாக ஒரு கூட்டம் வந்து நிற்குமே, அங்கே படுகிற அடி ஆற வருஷக்கணக்காகும். யார் பெயர் செய்தியில் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது, அவர்களைப் பற்றி எதை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாராட்டு விழாவும் நன்கொடையும் நகர்கின்றன. விருதுகூடச் சில நேரம் அந்தப் பக்கமே போகிறது.

தூரத்து உதாரணம் வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் இருக்கிறது வடுவூர். வெளியூர்க்காரர்களுக்குப் பறவைகள் சரணாலயமும் கோதண்டராமர் கோயிலும், நமக்கு கபடி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் கபடி அணியில் இந்த ஊர் அபினேஷ் மோகன்தாஸ் ஆடினார். பெண்கள் அணியும் தங்கம் வென்றது. அதன் துணைத் தலைவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இரண்டு இறுதி ஆட்டத்திலும் எதிரணி ஈரான்தான். பெண்கள் 75-21 என்று புரட்டிப் போட்டார்கள். ஆண்கள் 35-32 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார்கள். தமிழ்நாடு அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

அரசு சமமாகத்தான் கொடுத்தது. ஊடகம்? தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் கார்த்திகாவே நிறைந்திருந்தார். அபினேஷ் பெரும்பாலும் செய்தியின் கடைசி வரியில், ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பிறகு வந்தார். கார்த்திகாவுக்குக் கிடைத்த ஒவ்வொரு கைதட்டலும் அவருக்கு உரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகரத்தை விட்டு ஒதுக்கிக் குடியமர்த்தப்பட்ட ஒரு பகுதியிலிருந்து ஒரு பெண் அங்கே போய் நிற்பது எழுதப்பட வேண்டிய கதைதான். ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் அவர் எந்த ரைடில் எத்தனை புள்ளி எடுத்தார் என்று எழுதினார்கள்? வீட்டுச் சுவரைக் காட்டினார்கள், தெருவைக் காட்டினார்கள், அம்மாவை அழவைத்தார்கள். ஆட்டத்தைக் காட்டவில்லை. ஆக, ஒருவருக்கு ஆள் விடுபட்டுப் போனார், இன்னொருவருக்கு ஆட்டம் விடுபட்டுப் போனது. இதற்கிடையே இரண்டு பிள்ளைகளையும் ஊரையும் சாதியையும் சொல்லி மோதவிடுகிற பதிவு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், பகிராதீர்கள். சேர்ந்து சோறு தின்று ஆடுகிற வயசு அவர்களுக்கு.

இந்தச் சாய்வு யாரோ உட்கார்ந்து சதி செய்து வருவதில்லை. மாவட்டப் பக்கத்தில் விளையாட்டுச் செய்தி எப்படி வருகிறது என்று பாருங்கள். தாலுகா ஊர்களில் நிருபர் பெரும்பாலும் பகுதிநேரக்காரர். மறியல், விபத்து, ஆர்ப்பாட்டம், கும்பாபிஷேகம் எல்லாமே அவர் தலையில். போட்டிக்குப் போய் உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் ஏது? யார் படமும் நாலு வரியும் அனுப்புகிறார்களோ அவர்களே செய்தி. பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் அகாடமிக்கு அனுப்ப ஆள் இருக்கும். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கு இருக்காது. அதற்கு மேலே சென்னை மேசையில் வேறொரு வடிகட்டி: கிரிக்கெட், ஒலிம்பிக் ஆட்டங்கள், பிறகு மற்றவை. கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு, 1990 முதல் ஆசியப் போட்டியில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் மட்டும் இல்லை. அந்த ஒரு காரணம் போதும், அது ‘மற்றவை’யில் விழ. தஞ்சாவூர் மாவட்டத் திருச்சனம்பூண்டியின் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் நாற்பது வயது தாண்டிய நிலையில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் ஆடினார். அதே ஆண்டு பாட்னா பைரேட்ஸ் அணித் தலைவராக புரோ கபடி கோப்பையையும் தூக்கினார். கிரிக்கெட்டில் அந்த வயதில் இதை ஒருவர் செய்திருந்தால் கும்பகோணம் முட்டுச்சந்து டீக்கடை வரை போஸ்டர் தொங்கியிருக்கும்.

செய்தி வராதது ஒரு ஆபத்து என்றால், அளவுக்கு மீறி வருவது இன்னொன்று. இதற்கு நம் பக்கத்து மாவட்டங்களிலேயே இரண்டு கதைகள் உண்டு. இரண்டும் 800 மீட்டர் ஓட்டம், இரண்டும் தோஹா.

2006 ஆசியப் போட்டியில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் என்று நாடே கொண்டாடியது. சில நாட்களில் பாலினப் பரிசோதனையைச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ முடிவு தலைப்புச் செய்தியானது. கொண்டாடிய அதே கேமராக்கள் அவர் உடம்பைப் பற்றிப் பேசின. தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்துக் கூட நின்றது, அது ஆறுதல். ஆனாலும் சில ஆண்டுகள் கழித்து அவரே செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலை வந்தது. பிறகுதான் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பதக்கம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

2019-ல் திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து ஆசியத் தடகளத்தில் தங்கம் வென்றார். அவர் காலில் இருந்த ஜோடி சேராத ஷூக்களின் படம் ஓடியதுபோல அவர் ஓடிய கடைசி 100 மீட்டர் ஓடவில்லை. அந்தக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியின் பரிசோதனை முடிவு வரவேண்டியிருந்தது. வந்தது, ஊக்கமருந்து என்றது. நான்கு ஆண்டு தடை, தங்கமும் போனது. மார்ச்சில் எடுத்த மாதிரியின் முடிவு ஏப்ரல் போட்டிக்கு முன் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலர். பரிசோதனை முகமையும் தடகள சம்மேளனமும் தப்பித்துக்கொள்ள, முழு வெயிலும் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது.

இப்போது பணம் பறிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், இங்கே இரண்டு மடங்கு உஷார்! ‘நேபாளத்தில் சர்வதேசப் போட்டி, தேர்வாகிவிட்டீர்கள், பயணத்துக்கும் நுழைவுக்கும் பணம் கட்டுங்கள்’ என்று சொல்லும் அழைப்புகள் சுற்றுகின்றன. பணம் கட்டினால் பதக்கம் ஏறக்குறைய உறுதி. திரும்பி வந்ததும் தாரை தப்பட்டை, சால்வை, மறுநாள் மாவட்டப் பக்கத்தில் ‘சர்வதேசப் போட்டியில் தங்கம்’. எந்தச் சம்மேளனம் நடத்தியது, எத்தனை நாடுகள் வந்தன என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்தச் சான்றிதழை நம்பி விண்ணப்பிக்கப் போகும்போதுதான் அது செல்லாக்காசு என்று தெரியும். பத்திரிகை மட்டுமல்ல, கோட்டையே ஏமாந்திருக்கிறது. 2023-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் மாற்றுத்திறனாளிகள் கிரிக்கெட்டில் இந்திய அணித் தலைவர் என்று சொல்லிக் கோப்பையோடு முதல்வரைச் சந்தித்தார். படம் எல்லா இடத்திலும் வந்தது. அந்த அணியிலேயே அவர் இல்லை என்பது பிறகு வெளியானது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கலாம். இதில் நிஜமாக அடிபடுவது மாற்றுத்திறனாளி வீரர்கள்தான். அடுத்த முறை உண்மையான கோப்பையோடு வருகிறவரையும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

விருதுகூடச் செய்தியின் பக்கம் போகும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின் பெரிய விருதுகளுக்குப் பத்திரிகையாளர்களே ஓட்டுப் போடுகிறார்கள். புகழ்க்கூடத்தில் இடம்பிடிக்க நூற்றுக்கு 75 பேர் ஆதரவு வேண்டும். 2025-ல் ஜப்பானின் இச்சிரோ சுசுகிக்கு 394-ல் 393 ஓட்டு. அந்த ஒருவர் யார், ஏன் போடவில்லை என்று அங்கே பெரிய ரகளையே நடந்தது. எழுதுகிறவர் கையில் ஓட்டும் இருக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி, அதனால் மல்லுக்கட்டவாவது முடிகிறது. நம் நாட்டில் தேசிய விருதுக் குழுவில் செய்தியாளர்கள் இடம்பெறுவதுண்டு என்றாலும், ஊடகத்தின் நிஜமான பலம் வெளியே கிளம்பும் சத்தத்தில் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர் பெயர் கேல் ரத்னா விருதுப் பரிந்துரையில் இல்லை என்று 2024 டிசம்பரில் செய்தி வந்து பெரும் கூச்சல் கிளம்பியது. 2025 ஜனவரி 2-ல் வந்த அறிவிப்பில், நம் சதுரங்க வீரர் குகேஷோடு அவர் பெயரும் இருந்தது. விண்ணப்பத்தில் தன் பக்கம் ஏதோ விடுபட்டிருக்கலாம் என்று அவரே சொன்னார். ஒலிம்பிக் பதக்கக்காரருக்கே இந்த நிலை. வடுவூருக்காக டெல்லியில் யார் கூச்சல் போடுவார்கள்?

ஆகவே காகிதத்தைக் கையில் வைத்திருங்கள். தேசிய விருதுகளுக்கு வீரர் தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சங்கத்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்று தேதியைக் கோட்டைவிடாதீர்கள். வெளிநாட்டுப் போட்டி என்று யாராவது பணம் கேட்டால், தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், அதை நடத்தும் சம்மேளனத்துக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று விசாரித்த பிறகு பணத்தை எடுங்கள். பேட்டிக்கு வருகிறவர் வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோகக் கேட்டால், முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள் தம்பி என்று சொல்லலாம், தப்பில்லை. மருத்துவ விவரம் எதைப் பற்றியும், எவ்வளவு தெரிந்த நிருபராக இருந்தாலும், வாயே திறக்காதீர்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் ஊருக்கு ஊர் மின்னொளி கபடி தொடங்கிவிடும். அன்பளிப்பு கொடுத்தவர் பெயரெல்லாம் ஃபிளெக்ஸில் இருக்கிறது, மேடையில் ஆறு பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நிருபருக்கு அனுப்பும் குறிப்பில் கோப்பை வழங்கியவர் பெயருக்கு முன்னால், எந்தப் பையன் எத்தனை ரைடு போய் எத்தனை புள்ளி எடுத்தான், கார்னரில் நின்று எத்தனை பேரைப் பிடித்தான் என்று எழுதி, ஸ்கோர் தாளையும் படம் பிடித்து அனுப்புங்கள்.