சாயாத கட்டைகள்

டாமினோ என்றால் இன்று பலருக்கும் பீட்சாதான் நினைவுக்கு வரும். 1960இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய அந்தக் கடைக்கு 1965இல் இந்தப் பெயர் வைத்தார்கள். சின்னத்தில் புள்ளிகளோடு இருப்பது ஒரு விளையாட்டுக் கட்டை.

கட்டைக்கு முன்பே இந்தச் சொல்லுக்கு வாழ்வு இருந்தது. பிரான்சில் பாதிரியார்கள் குளிர்காலத்தில் அணிந்த முக்காடு வைத்த அங்கிக்கு டாமினோ என்று பெயர். பிறகு வெனிஸ் நகரத்து முகமூடித் திருவிழாக்களில் ஆளை மறைக்கும் உடையும் அதே பெயரைப் பெற்றது. கருமையும் வெண்மையுமான கட்டைகள் அந்த உடையை நினைவூட்டியதால் விளையாட்டுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்று கருதுகிறார்கள். விளையாட்டு சீனாவில் பழையது. ஐரோப்பாவில் பரவியது 18ஆம் நூற்றாண்டில். சீனக் கட்டைகள் 32. ஐரோப்பியக் கட்டைகள் 28. புள்ளியே இல்லாத வெற்றுப் பக்கம் ஐரோப்பியக் கட்டைகளில்தான் உண்டு.

ஆட்டத்தில் யாரும் கட்டையைச் சாய்ப்பதில்லை. நான்குக்கு நான்கு, ஆறுக்கு ஆறு என்று புள்ளி பார்த்துச் சேர்க்கிறார்கள். வரிசையாக நிறுத்தி ஒன்றைத் தட்டிவிடுவது தனி வேடிக்கை. ஆனால் உலக அரசியலுக்குப் போனது அந்த வேடிக்கைதான்.

1954 ஏப்ரல் 7 அன்று செய்தியாளர்களிடம் பேசிய அமெரிக்க அதிபர் ஐசனோவர், இந்தோசீனா கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போனால் பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று அடுத்தடுத்து விழும் என்றார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது வரிசையில் நிற்கும் டாமினோ கட்டைகளை. சரியாக ஒரு மாதத்தில், அங்கே கம்யூனிஸ்ட்டுகளோடு போரிட்டுவந்த பிரெஞ்சுப் படை வியட்நாமின் தியன் பியன் பூவில் சரணடைந்தது. 1965இல் அமெரிக்கத் தரைப்படை வியட்நாமில் இறங்கியபோதும் இந்த வாதமே முன்னால் நின்றது.

எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. கட்டைக்கு மொழி கிடையாது, பழம்பகை கிடையாது, நிலமும் விவசாயியும் கிடையாது. நாடுகளுக்கு இவை எல்லாம் உண்டு. 1975இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தது. கம்போடியாவும் லாவோசும் அதே ஆண்டில் கம்யூனிஸ்ட்டுகளிடம் போயின. தாய்லாந்து சாயவில்லை, மலேசியா, இந்தோனேசியாவும் சாயவில்லை. விழுந்தவையாகச் சொல்லப்பட்டவையோ தங்களுக்குள் மோதின: 1978 முடிவில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தது, 1979இல் சீனா வியட்நாமைத் தாக்கியது. ஓர் உவமையை நம்பி நடந்த போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். வியட்நாமியரின் சாவு பல லட்சம்.

இதே சொல்லை மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள், உயிர் காக்க. ஈரலில் சுரக்கும் ஒரு புரதம் பிறழ்ந்து நரம்புகளில் படியும் பரம்பரை நோய் போர்ச்சுகலில் அதிகம். அந்த நோயாளிக்கு மாற்று ஈரல் வைக்கும்போது எடுக்கப்படும் ஈரல், அந்தப் புரதக் குறை தவிர மற்ற வேலைகளை நன்றாகவே செய்யும். பிறழ்ந்த புரதம் படிந்து தொல்லை தரப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே அந்த ஈரலை, காத்திருக்க நேரமில்லாத இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள். 1995இல் போர்ச்சுகலின் கோயிம்பிராவில் இதை முதன்முதலில் செய்தார்கள். டாமினோ மாற்று என்பது இதன் பெயர். ஒரே கொடையாளரின் ஈரலால் இருவர் பிழைக்கிறார்கள்.