வளைந்த மூலக்கூறும் கிணற்று நீரும்

ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்லாவியின் பெயரிலேயே கல் இருக்கிறது. அப்பெயர் வந்த வரலாறு இங்கு நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் அவ்வூர் அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அடித்தளம் கடினப் பாறை என்பது வேண்டும். மழைநீர் அப்பாறையின் பிளவுகளில் இறங்கித் தங்குகிறது. கிணறு வெட்டியும் ஆழ்துளை இட்டும் அந்நீரையே மக்கள் நெடுங்காலம் பருகி வந்தனர். பார்வைக்கு அது பளிங்கு போன்றது. ஆயினும் இம்மாவட்டத்திலும் அடுத்துள்ள தருமபுரியிலும் பல ஊர்களில், அந்நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பல்லாண்டுகள் குடித்தோர் சிலருக்கு எலும்பும் மூட்டும் இறுகின. நீரில் அளவுக்கு மீறிக் கரைந்திருந்த புளோரைடே காரணம்.

கல்லுக்குள் கிடந்த பொருள் நீருக்குள் எவ்வாறு வந்தது? விடையைத் தேடிச் சென்றால், நீர் மூலக்கூறு நேராக இல்லாமல் வளைந்திருக்கிறது என்னும் சிறு செய்தியில் போய் நிற்போம்.

இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக் கொண்டு இணையும்போது பங்கு எப்பொழுதும் சமமாக அமைவதில்லை. ஹைட்ரஜனைக் காட்டிலும் ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களை வலுவாக இழுக்கும். ஆகவே அப்பிணைப்பில் ஆக்ஸிஜன் பக்கம் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்னும் தோன்றுகின்றன. இதனை மின்முனைவு என்பர். பிணைப்பில் முனைவு இருந்தால் மூலக்கூறு முழுவதற்கும் முனைவு உண்டு என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. தேர்வுத் தாள்களில் மாணவர் பலர் வழுக்கி விழும் இடம் இதுவே.

பெரிய கல் ஒன்றில் இரண்டு கயிறுகளைக் கட்டி, சம பலமுள்ள இருவர் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கட்டும். கல் அசையாது. அதே இருவர் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்று இழுத்தால் கல் நகரும். பலம் மாறவில்லை, நின்ற இடந்தான் மாறியது.

கரியமில வாயுவில் கார்பன் நடுவிலும், இரண்டு ஆக்ஸிஜன்கள் இருபுறத்திலும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளன. ஒவ்வொரு பிணைப்பும் முனைவுடையதே. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடுவதால் மூலக்கூற்றின் நிகர முனைவு சுழி. நீரிலோ, ஆக்ஸிஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத எலெக்ட்ரான் இணைகள் இரண்டு உள்ளன. அவை பிணைப்புக்களை ஒருபுறமாக நெருக்கித் தள்ளுகின்றன. அதனால் இரு பிணைப்புக்களுக்கும் இடைப்பட்ட கோணம் 180 பாகை ஆகாமல் ஏறத்தாழ 104.5 பாகையாக நிற்கிறது. இரண்டு இழுப்புக்களும் ஒரு பக்கமாகக் கூடுகின்றன. இக்கூட்டுத்தொகை 1.85 டிபை. மூலக்கூறுகளின் முனைவை ஆராய்ந்து 1936ஆம் ஆண்டில் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற பீட்டர் டிபை என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் அலகு அது.

வடிவந்தான் காரணமா என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம் போதும். டைகுளோரோ எத்திலீன் என்னும் பொருளில் இரண்டு குளோரின் அணுக்கள் ஒரே பக்கத்தில் அமைந்த வகை ஒன்று. எதிர்ப் பக்கங்களில் அமைந்த வகை மற்றொன்று. அணுக்களும் அவையே, அவற்றின் எண்ணிக்கையும் அதுவே. முதல் வகைக்கு நல்ல முனைவு உண்டு. அது சுமார் 60 பாகை செல்சியஸில் கொதிக்கும். இரண்டாம் வகைக்கு முனைவே இல்லை. சுமார் 48 பாகையிலேயே கொதித்துவிடும்.

இனிக் கிணற்றுக்குத் திரும்புவோம். பாறைகளில் உள்ள புளோரைட் என்னும் கனிமத்தில் கால்சியம் நேர்மின் துகளாகவும், புளோரின் எதிர்மின் துகளாகவும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் தம் ஆக்ஸிஜன் முனையைக் கால்சியத்தின் பக்கமும், ஹைட்ரஜன் முனையைப் புளோரைடின் பக்கமும் திருப்பிச் சூழ்ந்து கொள்கின்றன. மின்துகள்களிடையே உள்ள கவர்ச்சி நீருக்குள் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்து போகிறது. முனைவு இல்லாத மண்ணெண்ணெய்க்கு இவ்வாற்றல் இல்லை. அதில் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். எவ்வளவு கலக்கினாலும் உப்பு அடியிலேயே கிடக்கும்.

புளோரைட் நீரில் கரையாத பொருள் என்றே பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மெய்தான், ஒரு லிட்டர் தூய நீரில் அது சுமார் 16 மில்லிகிராம் அளவே கரையும். ஆனால் அதில் புளோரைடு மட்டும் ஏறத்தாழ 8 மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ரசாயனி 'கரையாது' என்று ஒதுக்கும் அளவே குழந்தையின் பல்லுக்கு ஐந்து மடங்கு மிகையாகி விடுகிறது! அபடைட், பயோடைட் முதலிய பிற கனிமங்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த நீரில் புளோரைடு இன்னும் கூடுதலாகத் தங்கும்.

இந்நோய் தமிழ்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இதனைக் கண்டு, 1937ஆம் ஆண்டிலேயே ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் மருத்துவ ஏட்டில் எழுதினர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. புளோரைடு நோயைத் தணிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

காய்ச்சிக் குடித்தால் தீங்கு நீங்காதா என்று வீட்டில் கேட்பார்கள். கிருமிகள் சாகும், புளோரைடு போகாது. கொதிக்கும் பாத்திரத்திலிருந்து நீர் மட்டுமே ஆவியாகி வெளியேறுகிறது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும் புளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, எஞ்சிய நீரில் முன்னினும் செறிந்து விடுகிறது. துணியில் வடிகட்டுவதும் பயன் தராது. துணியின் கண்களுக்கு அத்துகள் மிக மிக நுண்ணியது. படிகாரமும் சுண்ணாம்பும் தக்க அளவில் கலந்து, உண்டாகும் வண்டலோடு புளோரைடைப் படியச் செய்து தெளிநீரை எடுப்பது ஒரு முறை. நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த இம்முறைக்கு நல்கொண்டா என்னும் ஊரின் பெயரே வழங்குகிறது. படிகாரத்தின் அளவை நீரைச் சோதித்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். கண்ணளவில் போடுதல் கூடாது.