ஆள் இல்லாத இறால் குட்டைக்கு யார் பொறுப்பு?

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கடற்கரைக்குப் போனால், நெல் வயல் முடியும் இடத்தில் உவர் நிலம் தொடங்கிவிடும். வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரம் உப்பங்கழிப் பக்கம் இறால் குட்டைகள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓடும் குட்டையை ஏரேட்டர் கிளப்பும் நுரையே காட்டிக்கொடுக்கும். கைவிட்ட குட்டையில் மதகுப் பலகை உளுத்திருக்கும். தரையில் உப்புப் பூத்து, அதற்கடியில் கறுப்புச் சேறு நாறும்.

இந்தத் தொழில் சூடுபிடித்தது 1990களின் தொடக்கத்தில். டைகர் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கம்பெனிகள் கரையோர நிலத்தை வளைத்து வாங்கின. 1994-95இல் வெண்புள்ளி நோய் வந்ததும் பல பண்ணைகள் படுத்துவிட்டன. முதலாளி போனார், கரை நின்றது.

நோய்க்கு முன்பே எதிர்ப்பு கிளம்பியிருந்தது. கிணறு உப்பாகிறது, விளைநிலம் கெடுகிறது என்ற முறையீட்டோடு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் குட்டைகளை 1997 மார்ச் 31க்குள் இடித்து அகற்ற வேண்டும். பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. விளைநிலத்தையும் உப்பளத்தையும் இனிக் குட்டையாக்கக் கூடாது. வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஆறு ஆண்டுக் கூலியை இழப்பீடாகத் தரவும் சொன்னது.

மறுஆய்வு மனுக்கள் குவிந்தன, இடிப்பு நின்றது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 1991ஆம் ஆண்டின் கடற்கரை அறிவிக்கையிலிருந்து இத்தொழிலுக்கு முன்தேதியிட்டு விலக்கு கொடுத்தது. பண்ணைகள் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது என்று 2023 வரை விதி இருந்தது. முன்பே இருந்தவை தப்பின. பதிவில்லாமல் நடத்தினால் மூன்றாண்டுவரை சிறை என்று இருந்ததை 2023 திருத்தம் பணத் தண்டனையாக மாற்றியது.

இத்தனையும் ஓடும் பண்ணைக்கான கணக்கு. மாசுபடுத்தும் பண்ணையை, நடத்துபவரை விசாரித்த பிறகு இடிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மூடிய பண்ணையில் கழிவுநீரும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை. நிலம் புறம்போக்காக இருந்தால் வருவாய்த் துறை 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். பட்டா நிலம் என்றால் சிக்கல்தான். பழைய ஓடையை மறித்த கரை அப்படியே நிற்க, மழைக்காலத்தில் பக்கத்து வயலின் வடிகால் முட்டிக்கொள்கிறது.

பிலிப்பைன்ஸ் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம், அரசுக் குத்தகையில் விட்டுக் கைவிடப்பட்ட குளங்களை மீண்டும் அலையாத்திக் காடாக்க இடம் தருகிறது.

காடாக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. மொத்தமாக வெட்டிய பிச்சாவரக் காட்டில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி, கன்று பிழைக்காமல் போயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டின: நடுவில் முதன்மை வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் கன்றுகள் பிடித்தன. குட்டைக்கும் அடிப்படை அதுதான்: பழைய ஓடை ஓடிய இடம் பார்த்துக் கரையை உடைக்க வேண்டும். அலை போய்வந்தால் விதைகள் மிதந்து வந்து தாமே வேர்விடும்.

எந்தக் குட்டையில் தொடங்குவது என்பதற்குப் பண்ணைப் பதிவேடே உதவும். பதிவு மனுக்களைப் பார்க்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் மீன்வளம், வருவாய், வேளாண்மைத் துறைகள் ஒன்றாக உட்காருகின்றன. ஐந்தாண்டு முடிந்தும் புதுப்பிக்காத பண்ணைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் பட்டாவா புறம்போக்கா, எந்த ஓடையை மறிக்கிறது என்று நேரில் பார்த்துக் குறித்தால், கடலூர் மாவட்டத்தில் முதலில் எந்தக் கரையை உடைப்பது என்று அந்தக் குழுவே சொல்லிவிடலாம்.