மஞ்சள் கேசட்டும் நானும்



சென்ற பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்காக ஒரு மூலையில் நான் வைத்திருந்த பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பலரும் பல கேள்விகள் கேட்டார்கள். "என்ன சார், ரிட்டயர் ஆன பிறகு இதுதான் வேலையா?" என்று ஒரு நண்பர் கேலியும் செய்தார். கேலிக்கு என்னிடம் பதில் இல்லை. கேள்விகளுக்கு உண்டு. மலர்க் குழுவினரும் எழுதித் தரச் சொன்னதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 'டி.வி. கேம்' என்றதும் ஒரு பெட்டி கண்முன் வரும். வயரோடு இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மேலே செருகுவதற்கு ஒரு மஞ்சள் கேசட். மாரியோ, கான்ட்ரா என்ற பெயர்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்டவை. ஆனால் அந்தப் பெட்டி எங்கே பிறந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது.

அதன் மூலம் ஜப்பானில் இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட பெட்டி அது. செல்லமாக 'ஃபேமிகாம்' என்பார்கள். மசாயுகி உவேமுரா என்ற பொறியாளர் தலைமையில் உருவானது. அமெரிக்காவில் வேறு உருவத்தில் விற்றதையும் சேர்த்தால் ஆறு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. நம் ஊர் வீடுகளுக்குள் வந்தவை பெரும்பாலும் இதன் நகல்கள். உள்ளே இருந்த பல சில்லுகளை ஒரே சில்லாகச் சுருக்கி, கிழக்காசிய நாடுகளில் மலிவாகச் செய்து, 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', பிற்பாடு 'மிட்டாஷி' என்று பல பெயர்களில் இங்கே விற்றார்கள். பெயரே இல்லாமல் வந்தவையும் ஏராளம்.

நகல் ஏன் வந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1995இல் சேகா நிறுவனம் ஷா வாலஸ் மூலமாகத் தன் 'மெகா டிரைவ்' பெட்டியை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. 80 சதவிகித இறக்குமதி வரியைச் சமாளிக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய். அந்த நாளில் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்த என் போன்றவர்களுக்கு அது பல மாதச் சம்பளம். ஒலவக்கோடு ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது, 1996இல் சென்னைக்குப் போன வேளையில் பர்மா பஜாரில் 1,100 ரூபாய்க்கு ஒரு நகல் பெட்டி வாங்கி வந்தேன். மகன் விளையாடினான், அவன் தூங்கிய பிறகு நான் அதன் மூடியைக் கழற்றினேன். என் ஆசை அங்கேதான் தொடங்கியது.

உள்ளே என்ன இருக்கிறது? மூல ஃபேமிகாமின் மூளை 6502 என்ற சில்லின் வழி வந்தது. 1975இல் மாஸ் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் 25 டாலருக்கு விற்று உலகைத் திகைக்க வைத்த சில்லு அது. ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினிகளிலும் அதுவே இருந்தது. வேலை செய்ய அதற்குக் கிடைத்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். கணினியில் இன்று நாம் தட்டச்சு செய்யும் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். அந்தக் கணக்கில் இந்தக் கட்டுரையின் முதல் மூன்று பத்திகள்கூட அந்த நினைவகத்தில் அடங்காது. அதைக் கொண்டு ஒரு மனிதனை ஓடவும் தாவவும் வைத்திருக்கிறார்கள்.

படத்தை எப்படிக் காட்டுகிறது என்பது இன்னும் அழகு. திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் தனியாக நினைவில் வைக்க இடம் இல்லை. ஆகவே தரைக்கு ஓடு பதிப்பது போல, 8க்கு 8 புள்ளி கொண்ட சிறு ஓடுகளைக் கேசட்டிலிருந்து எடுத்து வரிசையாகப் பதிக்கிறது. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். அதில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே உருவம்; ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை. முப்பது வருடமாக விளையாடியவர்கள்கூட இதைச் சொன்னால் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள்.

எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் சிமிட்டுமே, அது பழுது என்று நினைத்துப் பெட்டியைத் தட்டியவர்கள் உண்டு. பழுது இல்லை. ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருத்துண்டுகளுக்கு மேல் அந்தச் சில்லால் காட்ட முடியாது. ஒன்பதாவது மறைந்தே போகும். அதனால் நிரல் எழுதியவர்கள் ஒவ்வொரு கணமும் வேறு வேறு துண்டுக்கு வழிவிட்டு, எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒற்றைப் பாதையில் வண்டிகளைக் கிராசிங் போட்டு அனுப்புவது போலத்தான்.

அதிகம் பேர் கேட்டது துப்பாக்கியைப் பற்றி. வாத்து சுடும் விளையாட்டு ('டக் ஹன்ட்', 1984) நினைவிருக்கும். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னே ஒளியை உணரும் சிறு பாகம். நாம் விசையை இழுத்ததும் திரை முழுவதும் ஒரு கணம் கறுப்பாகிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வருகிறது. கணம் என்றால் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் துப்பாக்கி கண்டால், குறி சரி. இரண்டு வாத்து பறந்தால் முதல் வாத்துக்கு ஒரு கணம், இரண்டாவதற்கு அடுத்த கணம். எந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும். குழல் விளக்கை நோக்கிச் சுட்டு ஏமாற்றலாமே என்றால், கறுப்புக் கணத்திலும் விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கும்! ஆட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. மூலத் துப்பாக்கியில் இன்னொரு காவலும் உண்டு. படக்குழாய் டி.வி. நொடிக்கு சுமார் 15,000 கோடுகள் வரைகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியைத்தான் அது கணக்கில் எடுக்கும்.

இதனால்தான் புதிய எல்.இ.டி. டி.வி.யில் துப்பாக்கி வேலை செய்வதில்லை. அந்த டி.வி. படத்தை வாங்கி, பெரிதாக்கி, சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. துப்பாக்கி பார்க்க வேண்டிய கணம் அதற்குள் போய்விடும். எங்கள் வீட்டு முன்னறையை ஒரு 21 அங்குலப் படக்குழாய் டி.வி. அடைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. வீட்டில் இதைப் பற்றி வேறு அபிப்பிராயம் உண்டு. அதை எழுத வேண்டாம்.

'9999 இன் 1' கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே உண்மையில் இருப்பவை சில ஆட்டங்களே. அதே ஆட்டம் மூன்றாவது கட்டத்தில் தொடங்குவதாக ஓர் எண், நிறம் மாறியதாக ஓர் எண் என்று பட்டியல் நீளும். வியாபார சாமர்த்தியம், அவ்வளவுதான்.

இனி பராமரிப்பு. சக்குபள்ளத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு முதல் எதிரி மழை. இடவப்பாதி தொடங்கிவிட்டால் ஏலக்காட்டு ஈரம் அலமாரிக்குள் வரும். தோல் செருப்பில் பூசணம் பூக்கும்போது கேசட்டின் செம்பு முனைகள் மட்டும் தப்புமா? களிம்பு ஏறிவிடும். சிக்னல் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு இது தெரிந்த நோய்தான். பத்தில் எட்டுப் பெட்டி 'செத்துவிட்டது' என்று தூக்கி எறியப்படுவது இந்தத் தொடுமுனைக் கோளாறால்தான். கேசட்டை வாயால் ஊதிச் செருகுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அது வேண்டாம், மூச்சின் ஈரம் முனையை அரிக்கும். நின்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. ஊதியபின் வேலை செய்ததற்குக் காரணம், வெளியே எடுத்துத் திரும்பச் செருகியபோது முனைகள் உரசிக்கொண்டதுதான். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. முனையின் மேல்பூச்சு போய்விடும். மழைக்காலத்தில் நான் எல்லாவற்றையும் மூடி இறுகும் டப்பாக்களில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுகிறேன்.

அடுத்தது அடாப்டர். பரணிலிருந்து பெட்டியை எடுத்ததும் வீட்டில் கிடைக்கும் ஏதோ ஓர் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். மூல ஃபேமிகாமில் செருகியின் நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் பெட்டி போய்விடும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுவது ஒரு நிமிட வேலை. மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக்கும் 7805 என்ற பாகமோ, காய்ந்துபோன கெபாசிட்டரோ பழுதானால் சில ரூபாயில் மாற்றலாம். ஆனால் நகல் பெட்டியில் கறுப்புப் பசைத்துளிக்குள் மறைந்திருக்கும் அந்த ஒற்றைச் சில்லு போனால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற பாகங்களைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். படக்குழாய் டி.வி.யின் பின்மூடியை மட்டும் பழக்கமில்லாதவர்கள் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே உயர்மின் அழுத்தம் தங்கியிருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, கைபேசியிலேயே இந்த ஆட்டங்கள் கிடைக்கின்றனவே என்று பேரன் கேட்கிறான். ஆட்டம் கிடைக்கும். ஆனால் கண்ணாடித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ரிமோட்டில் இருக்கும் அந்தக் கூட்டல் குறி வடிவப் பொத்தான், குன்பே யோகோய் என்ற நின்டெண்டோ பொறியாளர் 1982இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக அமைத்தது. கட்டைவிரல் பார்க்காமலே நான்கு திசையும் அறியும். என் சிதைந்துவரும் கண்பார்வைக்கு அது பெரிய உதவி.

சேகரிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களை வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஆராய்ந்தது. 2010க்கு முன் வந்தவற்றில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று கண்டார்கள். முறையாக வெளியிடப்பட்ட ஆட்டங்களின் கதியே இது. ஆனாலும் அவற்றுக்குப் பதிவு உண்டு. நின்டெண்டோ 2024 அக்டோபரில் ஜப்பானின் உஜி நகரில் தனக்கென்று அருங்காட்சியகமே திறந்தது. நம் வீட்டு நகல்களுக்கு என்ன இருக்கிறது? பெட்டியின் அடியில் முகவரி இல்லை, ஆண்டு இல்லை. நகல் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. ஆட்டங்களின் பதிப்புரிமை இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் விளையாடியது அதில்தான். விசைப்பலகை வடிவில், தட்டச்சும் பேசிக் மொழியும் சொல்லித்தரும் கேசட்டோடு சில பெட்டிகள் வந்தன. எங்கள் பக்கத்து ஏலத்தோட்ட லயத்தில் இருக்கும் ஓர் அம்மா அப்படி ஒன்றை என்னிடம் கொடுத்தார். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார். "எம்பையன் மொதமொதல்ல ஏபிசிடி தட்டுனது இதுலதான் சார், எடைக்குப் போட மனசு வரலை" என்றார். எந்த ஊரில் செய்தது என்று அதில் ஒரு வரி இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். கம்பம், தேனி, கட்டப்பனை ஆக்ரிக் கடைகளில் நான் தேடி எடுத்தவை பதினொரு பெட்டிகள், அறுபதுக்கு மேல் கேசட்டுகள். கடைக்கு வரும்போது அட்டைப்பெட்டியும் ரசீதும் போய்விடுகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் எனக்குத் தர வேண்டியதில்லை. எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கினீர்கள், யார் விளையாடினார்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பழைய ரசீதோ அட்டையோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ஓடாத பெட்டியாக இருந்தால் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில்தான் இருப்பேன். மழை பலமாக இருந்தால் மட்டும் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.