நான்காம் இடத்துக் குழு மேலே போன கதை: கியூ.பி.ஆரின் 2013/14 பருவம்



படிவம் 4 மாணவர்களுக்கு ‘விடாமுயற்சி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும்போதெல்லாம் நான் ஒரு காற்பந்துக் கதையைச் சொல்வது வழக்கம். வெம்பிளி அரங்கம், பத்துப் பேரோடு ஆடிய ஒரு குழு, தொண்ணூறாவது நிமிடத்தில் ஒரு கோல். பசங்க கண் கொட்டாமல் கேட்பார்கள். ஒரு வருஷம் பின்வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கினான். “சார், அப்போ டெர்பிகாரங்க முயற்சி பண்ணலையா? அவங்கதானே மூணாவது இடம்?”

பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், நான் அந்தக் கோலை மட்டும்தான் பார்த்திருந்தேன், பருவத்தைப் பார்க்கவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன். காற்பந்து பார்க்காத ஆசிரியர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மாணவர்கள் வாரக் கடைசியில் பார்ப்பது இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரிமியர் லீக். அதற்கு நேர் கீழே இருப்பது சாம்பியன்ஷிப். பெயரைக் கேட்டால் உச்சத்தில் இருப்பது போலத் தோன்றும், ஆனால் அது இரண்டாம் நிலைதான். 24 குழுக்கள் ஒன்றோடொன்று இருமுறை மோதும், ஆக ஒரு குழுவுக்கு 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் குழுக்கள் நேராகப் பிரிமியர் லீக்குக்குப் போய்விடும். இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கும். 2013/14-இல் அதற்கு மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை வந்த நான்கு குழுக்களும் ‘பிளே-ஆஃப்’ என்ற தனிச் சுற்றில் மோத வேண்டியிருந்தது. அரையிறுதி இரண்டு ஆட்டங்கள், இறுதி ஒரே ஆட்டம். அங்கே போன பிறகு லீக்கில் எடுத்த புள்ளிகளுக்கு மதிப்பில்லை. மூன்றாவது வந்தவருக்கும் ஆறாவது வந்தவருக்கும் அந்த ஒரு நாளில் ஒரே தகுதிதான்.

பிளே-ஆஃப் என்ற ஏற்பாடு 1987 முதல் நடப்பில் இருக்கிறது. நியாயமா என்று கேட்டால் இன்றும் சண்டைதான். ஆனால் பருவத்தின் கடைசி வாரம் வரை பல குழுக்களின் ரசிகர்களுக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கிறதே, அதற்கு இதுதான் காரணம்.

இப்போது குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், சுருக்கமாகக் கியூ.பி.ஆர். மேற்கு லண்டனில் நெருக்கமான வீடுகளுக்கு நடுவே இருக்கும் பழைய கிளப். லாஃப்டஸ் ரோடு என்னும் அதன் திடலில் சுமார் 18,000 பேர் உட்காரலாம். நீலமும் வெள்ளையுமாய்ப் படுக்கைக் கோடு போட்ட சட்டை. 2011 ஆகஸ்டில் நம் ஏர் ஆசியாவின் டோனி பெர்னாண்டஸ் இதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியதால் மலேசியர் பலருக்கு இந்தப் பெயர் திடீரென்று பழக்கமானது. வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தின் ரூபன் ஞானலிங்கமும் பங்குதாரர்களில் ஒருவர்.

2012 மே மாதம் அகுவேரோ கடைசி நொடியில் கோல் போட்டு மான்செஸ்டர் சிட்டிக்கு லீக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த காட்சியைப் பார்க்காத மாணவன் இருக்க மாட்டான். அன்று எதிரே ஆடித் தோற்ற குழு கியூ.பி.ஆர். தோற்றும் அந்த வருஷம் பிரிமியர் லீக்கில் தப்பித்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் பெரிய பெயர்களை வாங்கிக் குவித்தார்கள்: மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து பார்க் ஜி-சுங், பிரேசில் கோல் காவலர் ஜூலியோ சீஸர். என்ன பிரயோசனம்? முதல் 16 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. நடுவில் பயிற்றுநர் மார்க் ஹியூஸ் போய் ஹாரி ரெட்நாப் வந்தார். 25 புள்ளிகளோடு கடைசி இடம், நேராக இரண்டாம் நிலைக்கு இறக்கம்.

இங்கேதான் 2013/14 பருவத்தின் சிக்கல் தொடங்குகிறது. குழு கீழே இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் சட்டென்று சுருங்கும். ஒப்பந்தச் சம்பளம் அப்படித் தானாகச் சுருங்கிவிடாது. இறங்கிய குழுக்கள் நொடித்துப்போகாமல் இருக்க ‘பாராசூட் பணம்’ என்று சில ஆண்டுகளுக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். அது இருந்தும் கியூ.பி.ஆருக்கு மூச்சு முட்டியது. பார்க் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. குழுவுக்கு இரவலாகப் போனார். ஜூலியோ சீஸர் பாதிப் பருவம் வாய்ப்பே இல்லாமல் இருந்துவிட்டு, 2014 பிப்ரவரியில் கனடாவின் டொரோண்டோவுக்குப் போனார். உலகக் கிண்ணத்தில் பிரேசிலின் கோலைக் காக்கப் போகிறவர் இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்!

போனவர்களுக்குப் பதிலாக வந்தவர்களில் முக்கியமானவர் சார்லி ஆஸ்டின். ஒரு காலத்தில் செங்கல் அடுக்கும் கொத்தனார் வேலை பார்த்தவர். பர்ன்லி குழு அவரை விற்றது. லீக்கில் 17 கோல்கள் போட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் தோள்பட்டைக் காயத்தால் பல வாரங்கள் ஆட முடியவில்லை. அவர் இல்லாத நாள்களில் குழு தடுமாறியது யாருக்கும் வியப்பாக இருந்திருக்காது.

மொத்தத்தில் எப்படி ஆடினார்கள்? தற்காப்பு நன்று, தாக்குதல் சுமார். 46 ஆட்டங்களில் 60 கோல்கள், விட்டுக்கொடுத்தது 44. பருவம் முடிந்தபோது லெஸ்டர் 102 புள்ளிகளோடு முதல் இடம், பர்ன்லி 93 புள்ளிகளோடு இரண்டாம் இடம். ஆஸ்டினை விற்ற பர்ன்லி, ஆஸ்டினை வாங்கிய குழுவைவிட 13 புள்ளிகள் அதிகம் எடுத்து நேராக மேலே போய்விட்டது. டெர்பி கவுன்டி 85 புள்ளிகளோடு மூன்றாவது. கியூ.பி.ஆர். 80 புள்ளிகளோடு நான்காவது. டெர்பி போட்ட கோல்கள் 84, அதாவது கியூ.பி.ஆரைவிட 24 அதிகம். என் மாணவன் சொன்னது சரிதான். புள்ளியிலும் கோலிலும் டெர்பி மேல்.

பிளே-ஆஃப் அரையிறுதியில் டெர்பி பிரைட்டனை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-2 என்று நொறுக்கியது. கியூ.பி.ஆரோ விகான் திடலில் கோல் இல்லாமல் சமநிலை கண்டது. சொந்தத் திடலில் முதலில் கோல் வாங்கி, பெனால்டியில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 2-1 என்று தப்பித்தது. இரண்டு கோலும் ஆஸ்டின்.

இறுதியாட்டம் 2014 மே 24, சனிக்கிழமை. வெம்பிளியில் 87,348 பேர். இன்னொரு சுவையான விஷயம், டெர்பியின் பயிற்றுநர் ஸ்டீவ் மெக்கிளாரன் அந்தப் பருவத் தொடக்கத்தில் கியூ.பி.ஆரில் ரெட்நாப்பின் பயிற்றுநர் குழுவில் இருந்தவர். செப்டம்பர் கடைசியில்தான் டெர்பிக்குப் போனார். எதிரணியின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்தவர்.

டெர்பிதான் பந்தை வைத்திருந்தது. அறுபதாவது நிமிடத்தில் டெர்பியின் ஜானி ரஸல் கோலை நோக்கி ஓட, கேரி ஓ’நீல் அவரைப் பின்னாலிருந்து வீழ்த்தினார். சிவப்பு அட்டை. இன்னும் அரை மணி நேரம், பத்துப் பேர். அதற்குச் சற்று முன்புதான் பாபி ஸமோரா மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்தார். 33 வயது, காயங்களால் பருவத்தின் பெரும்பகுதி ஆடாதவர். கியூ.பி.ஆர். பின்வாங்கி நின்று தடுத்தது, தடுத்தது, தடுத்துக்கொண்டே இருந்தது. கோல் காவலர் ராப் கிரீனுக்கு ஓய்வே இல்லை.

தொண்ணூறாவது நிமிடம். வலப்பக்கம் போராடிப் பந்தைக் காப்பாற்றிய ஜூனியர் ஹொய்லெட் அதை உள்ளே தள்ளினார். டெர்பியின் தலைவர் ரிச்சர்ட் கியோ அதை அடித்து வெளியேற்றப் பார்த்தார். பந்து சரியாகப் படவில்லை, நேரே ஸமோராவின் இடக் காலுக்கு வந்தது. ஓர் உதை. மேல் மூலை. 1-0. ஸமோராவுக்கு இது புதிதல்ல. 2005-லும் இதே பிளே-ஆஃப் இறுதியில் வெஸ்ட் ஹாமுக்கு வெற்றி கோலைப் போட்டவர் அவர்தான்.

பிரிமியர் லீக்குக்குப் போவதன் மதிப்பு குறைந்தது 120 மில்லியன் பவுண்டு என்று அப்போது நாளிதழ்கள் எழுதின. அன்றைய மாற்று விகிதத்தில் 600 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். ஒரு தவறான உதைக்கும் ஒரு சரியான உதைக்கும் இடையே இவ்வளவு பணம்.

என் பழைய கதை இங்கே முடிந்துவிடும். கியூ.பி.ஆரின் கதை முடியவில்லை. அடுத்த பருவத்தில், 2014/15-இல், ஆஸ்டின் 18 கோல்கள் போட்டும் குழு 30 புள்ளிகளோடு மீண்டும் கடைசி இடம். ரெட்நாப் பிப்ரவரியிலேயே விலகியிருந்தார். மான்செஸ்டர் சிட்டியிடம் 6-0 என்று தோற்ற நாளில் இறக்கம் உறுதியானது. ஆக, அந்தக் கோல் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வருஷம்.

அடுத்து கணக்குப் புத்தகம். 2013/14-இல் சாம்பியன்ஷிப் குழுக்களுக்கு ஒரு நிதி விதி இருந்தது: ஒரு பருவத்தில் 8 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது. கியூ.பி.ஆர். அந்தப் பருவத்துக்குக் காட்டிய நட்டம் 9.8 மில்லியன். ‘கொஞ்சம்தானே கூட’ என்று தோன்றும். ஆனால் உரிமையாளர்கள் கிளப்புக்குக் கொடுத்திருந்த கடனில் 60 மில்லியனைத் தள்ளுபடி செய்து, அதை வரவாகக் காட்டிய பிறகு வந்த எண் அது. அப்பா மகனுக்குக் கொடுத்த கடனை “திருப்பித் தர வேணாம்பா” என்று சொல்லிவிட்டு, அதை மகனின் அந்த வருஷச் சம்பாத்தியத்தில் சேர்த்துக் காட்டுவது மாதிரி. அதை எடுத்துவிட்டால் நட்டம் ஏறத்தாழ 70 மில்லியன். சம்பளச் செலவு மட்டும் சுமார் 75 மில்லியன், வருமானமோ 40 மில்லியனுக்குள். நூறு ரூபாய் சம்பாதித்து, ஏறக்குறைய இருநூறு ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள்!

லீக் நிர்வாகம் அந்தத் தள்ளுபடியை ஏற்கவில்லை. விதியே செல்லாது என்று கிளப் வாதாடியது. 2017-இல் நடுவர் மன்றம் கிளப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2018 ஜூலையில் உடன்பாடு வந்தது: 17 மில்லியன் அபராதம், 3 மில்லியன் வழக்குச் செலவு, உரிமையாளர்களின் கடனில் சுமார் 22 மில்லியன் பங்குகளாக மாற்றப்பட வேண்டும். கூட்டினால் 42 மில்லியன் பவுண்டு. போதாததற்கு 2019 ஜனவரியில் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை. ஸமோரா உதைத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த அணியில் ஆடாத பையன்கள் இருந்த காலத்தில் வந்த ரசீது இது. முதல் இடம் பிடித்த லெஸ்டரும் அதே பருவத்துக்காக 3.1 மில்லியன் கட்டித்தான் விவகாரத்தை முடித்தது. ஆனால் லெஸ்டர் இரண்டே ஆண்டுகளில் பிரிமியர் லீக்கையே வென்றுவிட்டதால் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

சரி, டெர்பி? மாணவன் கேட்டது அதைத்தானே. அவர்கள் விட்ட இடத்தைப் பிடிக்க வருஷம்தோறும் முயன்றார்கள், செலவும் செய்தார்கள். 2019-இல் மீண்டும் பிளே-ஆஃப் இறுதிக்கு வந்து ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 என்று தோற்றார்கள். 2021 செப்டம்பரில் கடனில் மூழ்கி நிர்வாகம் வெளியாட்கள் கைக்குப் போனது. 21 புள்ளிகள் பறிக்கப்பட்டு மூன்றாம் நிலைக்கு இறங்கி, 2024-இல்தான் இரண்டாம் நிலைக்கு ஏறி வந்தார்கள். கியூ.பி.ஆரும் 2015-இல் இறங்கியது, பத்து ஆண்டுகள் கடந்தும் மேலே போகவில்லை. வெம்பிளியில் மோதிய இருவரும் மறுபடி ஒரே லீக்கில்.

விடாமுயற்சிக் கட்டுரைக்கு நான் இப்போது இந்தக் கதையைப் பயன்படுத்துவதில்லை. வாதக் கட்டுரைக்கு வைத்துக்கொண்டேன். ‘மூன்றாம் இடத்துக் குழுவுக்கு நேரடி வாய்ப்பு தர வேண்டும்’ என்ற தலைப்பைக் கொடுத்து, முதல் நான்கு இடங்களின் புள்ளிகளை மட்டும் வெண்பலகையில் எழுதுவேன். பிறகு நிதிக் கணக்கைச் சொன்னதும் பாதிப் பேர் கட்சி மாறுவார்கள். அப்போதுதான் ‘ஆயினும்’, ‘இருந்தபோதிலும்’ எல்லாம் தானாக எழுத்தில் வரும். நீங்கள் முயன்றால் ஒன்றே ஒன்று: ஸமோராவின் கோலைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டுங்கள். முதலில் போட்டால் “இன்னொரு தடவை சார்” என்றே மணி அடித்துவிடும்.