டாலிகஞ்ச் முற்றங்களில் தேங்கும் நீர்: பிரெஞ்சு வடிகால் எவ்வளவு உதவும்?

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்சில் ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டு முற்றங்களில் நீர் தேங்குவது வழக்கமாகிவிட்டது. நகரின் சராசரி ஆண்டு மழையளவு 1,600 மில்லிமீட்டருக்கும் அதிகம். அதில் பெரும்பங்கு இந்த நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாட்களாகியும் முற்றம் சேறாகவே கிடக்கிறது, சுவர்களில் ஈரம் ஏறுகிறது, செப்டிக் டாங்குகள் நிரம்பி வழிகின்றன, கொசு பெருகுகிறது. இதற்குத் தீர்வாக அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படுவது ‘பிரெஞ்சு வடிகால்’ என்னும் முறையாகும். அது எவ்வாறு செயற்படுகிறது, டாலிகஞ்ச் போன்ற நிலத்தில் எந்த அளவுக்குப் பயன் தரும், அதன் எல்லை எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்க் காரணம்

பெயரைக் கொண்டு இது பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த முறை எனக் கருதிவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்பவர் 1859இல் பண்ணை நில வடிகால் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் வழியே இம்முறை பரவியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் பொறியாளர் அல்லர்; சட்டம் பயின்றவர்; பின்னாளில் அந்நாட்டுக் கருவூலத் துறையில் துணைச் செயலராகப் பணியாற்றியவர்.

தத்துவம் எளிது. நீர் தேங்கும் இடத்தில் சாய்வான பள்ளம் ஒன்றை வெட்டி, அதில் ஜல்லியை நிரப்பி, அடியில் துளையிட்ட குழாயைப் பதித்தால், நீர் ஜல்லியின் இடைவெளிகள் வழியே இறங்கிக் குழாய்க்குள் புகுந்து, தாழ்ந்த மற்றோர் இடத்துக்குச் சென்றுவிடும்.

நிலத்தின் இயல்பு

டாலிகஞ்ச் கங்கையின் வண்டலால் உருவான சமவெளி. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேயே இருக்கிறது. மேற்பரப்புக்குக் கீழே தடித்த களிமண் படலம் உண்டு. களிமண்ணில் நீர் இறங்கும் வேகம் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரையே. மழைக்காலத்தில் நிலத்தடி ஈரமும் மேலேறி வந்துவிடுவதால் அந்த வேகமும் குறைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு வாசகர்கள் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் கசிவுக்குழி ஒன்றே முற்றத்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். டாலிகஞ்சின் களிமண்ணில் அதே குழி நீர் நிறைந்த தொட்டியாகவே நிற்கும். எனவே இங்கு நீரை நிலத்துக்குள் இறக்குவதைவிட வெளியே கடத்துவதே முதன்மையான பணியாகிறது.

அமைக்கும் முறை

பள்ளத்தின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டரும் ஆழம் 60 சென்டிமீட்டரும் இருப்பது பொதுவாகப் போதுமானது. வீட்டின் கடைக்காலுக்குக் கேடு நேராதபடி சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத தொலைவில் அது அமைய வேண்டும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் சாய்வு தேவை. அதாவது 10 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் இறக்கம். நீர் நிரப்பிய ரப்பர் குழாயைக் கொண்டு மட்டம் பார்க்கும் கொத்தனாரே இதனைச் சரியாக அமைத்துவிடலாம்.

பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் நீரை மட்டும் விடும் செயற்கை இழைத் துணியை விரித்து, அதன்மேல் சிறிது ஜல்லி பரப்பி, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட்ட பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பதிக்க வேண்டும். பின்னர் 20 முதல் 40 மில்லிமீட்டர் அளவுள்ள கழுவிய ஜல்லியை நிரப்ப வேண்டும். வங்காளத்தின் டெல்டாப் பகுதியில் கருங்கல் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து வர வேண்டும். சூளையில் அளவுக்கு மேல் வெந்து இறுகிய செங்கல்லை உடைத்த ஜல்லி அங்கு எளிதில் கிடைக்கும். நன்கு வெந்ததாயின் அதுவும் பயன்படும். அரைகுறையாக வெந்த செங்கல் நீரில் கரைந்து குழாயை அடைத்துவிடும்.

களிமண் நிலத்துக்கென ஒரு தனி விதி உண்டு. பலர் ஜல்லியின்மேல் மண்ணை மூடிப் புல் வளர்க்கின்றனர். களிமண்ணால் மூடினால் வடிகாலுக்குள் நீர் இறங்காது. ஆகவே ஜல்லியை நிலமட்டம் வரை திறந்துவிட்டு, முற்றத்தை அதனை நோக்கிச் சாய்க்க வேண்டும். கூரை நீரைத் தனிக் குழாயில் கொண்டுசெல்ல வேண்டும். கழிவுநீரை எக்காரணத்தாலும் இதில் சேர்க்கக் கூடாது. இரு முனைகளிலும் சிறு ஆய்வுத் தொட்டிகளை அமைத்து, ஆண்டுதோறும் மே மாதத்தில் நீரைப் பாய்ச்சித் தூர் அகற்றினால் வடிகால் நெடுநாள் உழைக்கும்.

ஒரு சிறு கணக்கு

100 சதுர மீட்டர் முற்றம் ஒன்றில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். விழும் நீர் 5,000 லிட்டர். களிமண் உறிஞ்சுவது மிகுந்தால் 500 லிட்டர். மேற்கூறிய அளவில் 10 மீட்டர் நீளப் பள்ளத்தின் கன அளவு 2.4 கன மீட்டர். அதில் இடைவெளி சுமார் 35 சதவீதம் எனில் தங்கும் நீர் ஏறத்தாழ 840 லிட்டர். எஞ்சிய 3,600 லிட்டருக்கு மேற்பட்ட நீர் குழாய் வழியே வெளியேறியாக வேண்டும்.

குழாயால் இது இயலுமா? முற்றத்தின் நீர் முழுவதும் குழாய்க்கே வந்தாலும் வினாடிக்கு 1.4 லிட்டர்தான். இச்சாய்வில் 100 மில்லிமீட்டர் குழாய் வினாடிக்கு 5 லிட்டருக்கும் குறையாமல் கடத்த வல்லது. ஆகவே குறை குழாயில் இல்லை. குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது என்பதே கேள்வி.

மறுமுனையில் என்ன இருக்கிறது?

டாலிகஞ்சின் பெயரே ஒரு நீர்வழியோடு இணைந்தது. தூர்ந்துபோன ஆதி கங்கையை வில்லியம் டாலி என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1775-77 ஆண்டுகளில் ஆழப்படுத்திக் கிழக்கே வித்யாதரி நதியுடன் இணைத்தார். அதுவே டாலி நாலா. இன்று அப்பகுதியின் மழைநீரில் ஒரு பங்கு அதில்தான் விழுகிறது. தூரும் ஆக்கிரமிப்பும் அதனைச் சுருக்கிவிட்டன. 2009இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நீட்டிப்பின் தூண்களும் அதன் படுகையிலேயே நிற்கின்றன. மேலும் அது ஹூக்ளி நதியின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. ஏற்றத்தின்போது மழைநீர் வெளியேற வழியின்றி நிற்கும்.

நகரின் பழைய பகுதிக்கு வில்லியம் கிளார்க் வகுத்த பாதாளச் சாக்கடை 19ஆம் நூற்றாண்டிலேயே அமைந்தது. தனி நகராட்சியாக இருந்த டாலிகஞ்ச் 1953இல்தான் மாநகராட்சியுடன் இணைந்தது. பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வட்டாரத்தின் தாழ்நிலங்களில் தம் முயற்சியாலேயே குடியிருப்புகளை அமைத்தனர். வீடு முதலில் வந்தது. வடிகால் நெடுங்காலம் கழித்தே வந்தது.

2025 செப்டம்பர் 22-23 இரவில் பெய்த பெருமழை இதன் விளைவை உணர்த்தியது. நகரில் 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. நீரில் பாய்ந்த மின்சாரத்துக்குப் பலர் பலியாயினர். தெருச் சாக்கடையே நிரம்பிய அத்தகைய இரவில் எந்த முற்றத்து வடிகாலும் உதவாது. ஒருவழி வால்வு பொருத்தப்படாவிடில் தெரு நீர் அதன் வழியே முற்றத்துக்குள் வந்துவிடும். பிரெஞ்சு வடிகாலின் பயன் சாதாரண மழைக்கும், மழை ஓய்ந்தபின் நாட்கணக்கில் நீடிக்கும் தேக்கத்துக்கும் உரியது.

தனி முயற்சியும் பொது நலனும்

பொருளியல் நோக்கில் முற்றத்து நீர் ஒரு புறவிளைவுப் பிரச்சினையாகும். ஒருவர் மண்ணடித்துத் தம் மனையை உயர்த்துகிறார். நீர் பக்கத்து மனைக்குச் செல்கிறது. அவரும் உயர்த்துகிறார். வசதியுள்ளவர் மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைக்கிறார். ஒவ்வொருவரும் செலவிட்டும் தெருவின் மொத்த நீர் குறைவதில்லை. அது செலவு செய்ய இயலாதவரின் வாயிலில் போய்ச் சேருகிறது. தெருவையும் இவ்வாறே உயர்த்துகிறோம். பழைய தார்ப் படலத்தை அகற்றாமல் புதியதை இடுந்தோறும் சாலை மேலேறி, முற்றம் பள்ளமாகிறது.

ஆகவே மூன்று செயல்கள் இன்றியமையாதவை. முதலாவதாக, ஒரு சந்தின் வீடுகள் அனைத்துக்கும் மட்டம் அளந்து, வீட்டு வடிகால்கள் யாவும் சேரும் பொது வடிகாலை முதலில் அமைக்க வேண்டும். இரண்டாவதாக, சாலையைப் புதுப்பிக்குமுன் பழைய படலத்தைச் சுரண்டி எடுப்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்க வேண்டும். மூன்றாவதாக, எஞ்சியுள்ள குளங்களைக் காக்க வேண்டும். மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் (1984), திருத்தப்பட்ட வடிவில், 5 கட்டா அதாவது 0.035 ஹெக்டேர் அளவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலைகளைத் தூர்ப்பதைத் தடை செய்கிறது. நாலா நிரம்பிய நேரத்தில் நீரைச் சிறிது பொழுது தாங்கி நிற்கும் இடம் குளமே.

இவை நிறைவேறும் சந்தில் ஒரு குடும்பம் தன் முற்றத்தில் வெட்டும் 10 மீட்டர் பள்ளம் முழுப் பயன் தரும். இவை இல்லாத இடத்தில் அதே பள்ளம் நீரை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் வழியாகவே அமையும். வடிகாலுக்கு நிதி ஒதுக்கும் அலுவலரும் பள்ளம் வெட்ட முற்படும் வீட்டாரும் முதலில் மறுமுனையைச் சென்று பார்ப்பது நலம்.