குதிரையும் ஈயும்

குதிரைக்கு எஜமானன் யார் என்று கேட்டால், கடிவாளத்தைப் பிடித்திருப்பவன் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வெயிற்காலத்தில் ஒரு குதிரையின் அருகே அரை நாழிகை நின்று பார்த்தவர்கள் அவ்விதம் சொல்லத் துணியமாட்டார்கள். அவ்வளவு பெரிய பிராணியை ஆட்டி வைப்பது ஓர் அற்ப ஈ! வால் இங்குமங்கும் சுழல்கிறது, தோல் சிலிர்க்கிறது, கால் ஓயாமல் தரையை உதைக்கிறது. முன்னால் இருக்கும் கொள்ளைத் தின்னவும் அதற்கு அவகாசமில்லை. தின்னாத குதிரை இளைக்கிறது. இளைத்த குதிரை வண்டி இழுப்பதில்லை. வண்டி ஓடாத தினத்தில் வண்டிக்காரன் வீட்டு அடுப்பு எரிவதில்லை. ஆகையால் ஈக்கடி என்பது குதிரையின் கஷ்டம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கஷ்டமும் ஆகும்.

பழனி அடிவாரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளையும், சென்னைக் கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து செல்லும் மட்டக் குதிரைகளையும் நேயர்கள் பார்த்திருக்கலாம். அந்தியூரில் ஆடி மாதத்துக் குருநாதசுவாமி திருவிழாவில் குதிரைச் சந்தையே கூடுகிறது. இந்தக் குதிரைகளை வைத்துப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். கடையில் விற்கும் ஈ விரட்டும் தைலங்களில் எதை வாங்குவது, எதை விடுவது என்று அறியாமல், வரும்படியில் ஒரு பங்கைச் செலவிட்டு ஏமாந்து போகிறவர்களும் அவர்களுள் உண்டு. பசு வளர்க்கும் வீட்டாரும் இந்த விஷயத்தை அறிந்துகொள்ளலாம்; குதிரையைக் கடிக்கும் ஈக்கள்தாம் பசுவையும் கடிக்கின்றன.

காயல் துறைமுகத்துப் பாடம்

தூத்துக்குடி ஜில்லாவில், பனங்காடுகளுக்கும் செம்மணல் தேரிகளுக்கும் நடுவே இருக்கிறது நாசரேத். அதற்குத் தெற்கே, பெயரிலேயே குதிரையைத் தாங்கிய குதிரைமொழித் தேரி பரந்து கிடக்கிறது. வடகிழக்கே சென்றால் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கருகே பழையகாயல் என்னும் சிற்றூர் இருக்கிறது. மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல் துறைமுகம் இதுவே என்று பிஷப் கால்டுவெல் நிர்ணயித்தார். இன்று கடல் பின்வாங்கிப் போய்விட்டது. உப்பளங்களும் வயல்களுந்தான் மிச்சம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலோ, ஹார்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் இங்கேதான் நங்கூரம் பாய்ச்சின.

அந்தக் குதிரைகளுக்குப் பாண்டிய நாடு கொடுத்த விலையைக் கேட்டால் மனம் திடுக்கிடுகிறது. பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் கூறுகிறபடி, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை பேசப்பட்டது. வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்குங்கூட அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுக்க வேண்டுமென்பது நிபந்தனை! அரசன் ஒருவனே ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், வருஷ முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். அதற்கு அவர் கூறும் காரணம், இந்நாட்டார் குதிரையைப் பராமரிக்கத் தெரியாதவர்கள், அதற்கு வைத்தியர்களும் இங்கே இல்லை என்பதே. சோற்றோடு வேகவைத்த மாமிசத்தைக் கலந்து குதிரைக்குப் போட்டார்களாம். மறு வருஷமும் வியாபாரம் நடக்க வேண்டுமென்பதற்காக, குதிரை வைத்தியர்கள் இங்கு வராதபடி அயல் நாட்டு வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

வெளிநாட்டு யாத்திரிகர் ஒருவர் சொன்னதை எழுத்துக்கெழுத்து நம்ப வேண்டியதில்லை. எனினும் அதிலுள்ள பாடம் தெளிவானது. பொருளை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பராமரிக்கும் அறிவை வாங்க முடியாது, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஈ மருந்து விஷயத்திலும் நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான்: புட்டியைத் தேடுவதற்கு முன், கடிக்கிற ஈ எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று விரோதிகள்

குதிரையின் இரத்தத்தைக் குடிக்கும் பறக்கும் பூச்சிகளில் முக்கியமானவை, கொசு நீங்கலாக, மூன்று. முதலாவது, பெரிய காட்டு ஈ. தேனீயைப் போலவும் அதனினும் பெரியதாகவும் இருக்கும். பெண் ஈ மாத்திரமே கடிக்கும். கத்தியால் கீறினாற்போல் தோலைக் கிழித்து, கசியும் இரத்தத்தை நக்கும். குளத்தங்கரைச் சேற்றிலும் ஈர நிலத்திலும் விருத்தியாகும். கடம்பாகுளம் போன்ற ஏரிகளும் நஞ்சையும் உள்ள பக்கங்களில், நல்ல வெயிலில் வெட்டவெளியில்தான் இது துரத்தும். இருண்ட லாயத்துக்குள் நுழைய விரும்பாது.

இரண்டாவது, லாயத்து ஈ. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருக்கும். ஆனால் முகத்திலிருந்து ஊசிபோல் ஒரு குழல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் கடிக்கும். பெரும்பாலும் கால்களையே தேடும். குதிரை ஓயாமல் காலை உதைத்தால் இந்த ஈயைச் சந்தேகிக்கலாம். சிறுநீரும் சாணமும் கலந்து மக்கிய வைக்கோலில் முட்டையிடும். கடற்கரையில் ஒதுங்கி அழுகும் பாசிக் குவியலிலும் இது பெருகுவது உண்டு. கடலோர ஊரார் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, கொசுவினும் மிகச் சிறிய ஒரு பூச்சி. கண்ணுக்குத் தென்படுவதே அரிது. அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் கூட்டமாக வந்து பிடரி, வாலடி, வயிறு ஆகிய இடங்களைக் கடிக்கும். சில குதிரைகளுக்கு இதன் எச்சில் ஒவ்வாது. அவை சுவரிலும் மரத்திலும் உராய்ந்து உராய்ந்து, பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, தோல் புண்ணாகிப் பரிதாபமாக நிற்கும். இதைச் சொறி என்று எண்ணிச் சொறி மருந்தைத் தடவுவதால் பயனில்லை.

கடியோடு போனால் பரவாயில்லை. இவை வியாதிகளையும் கொண்டுவருகின்றன. 1880-ஆம் ஆண்டில், அப்போது பஞ்சாபைச் சேர்ந்திருந்த தேரா இஸ்மாயில்கான் என்னும் ஊரில், கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை வைத்தியர் 'சுர்ரா' என்னும் நோயால் மெலிந்து மடிந்த குதிரைகளின், ஒட்டகங்களின் இரத்தத்தைப் பூதக் கண்ணாடியில் சோதித்து, அதில் நெளியும் நுண்கிருமிகளைக் கண்டார். அந்தக் கிருமியை ஒரு பிராணியிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து செல்பவை பெரிய காட்டு ஈ முதலியவையே. தக்க சிகிச்சை செய்யாவிட்டால் சுர்ரா கண்ட குதிரை பிழைப்பது அரிது. மூன்றாவதாகச் சொன்ன சிறு பூச்சியோ, ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவது. 1959 முதல் 1961 வரை அந்நோய் மேற்காசியாவில் பரவி இந்தியாவையும் எட்டியபோது, குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கழுதைகளுமாக மூன்று லட்சத்துக்கு மேல் மாண்டன.

மருந்துக்கு முன் செய்யவேண்டியவை

லாயத்து ஈ முட்டையிலிருந்து ஈயாக வளர, வெப்பமான காலத்தில் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகையால் சாணத்தையும் நனைந்த வைக்கோலையும் தினந்தோறும் வாரி, தூரத்தில் கொண்டுபோய் வெயிலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினாலே அதன் சந்ததி அற்றுப்போகும். உலர்ந்த சாணத்தில் அது வளராது. இதற்கு ஒரு துடைப்பமும் ஒரு கூடையும் போதும். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த தைலத்தைத் தடவினாலும், ஒரு பக்கம் ஈயை வளர்த்து மறுபக்கம் விரட்டியதாகவே முடியும்.

பெரிய காட்டு ஈக்கு மருந்து நிழல். உச்சி வேளையில் குதிரையைக் குளத்தங்கரையில் கட்டாமல் லாயத்துக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் தப்பலாம். குதிரையின் நிறத்துக்கும் இதில் சம்பந்தமுண்டு. வெள்ளைக் குதிரையைக் காட்டிலும் கறுப்புக் குதிரையையும் செங்குதிரையையும் இந்த ஈ அதிகமாக நாடுகிறதென்று, ஹங்கேரி தேசத்து விஞ்ஞானி ஹோர்வாத்தும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்டார்கள். கரிய உடலில் பட்டுத் திரும்பும் ஒளி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போல் ஈயின் கண்ணுக்குத் தோன்றுகிறதாம். 2019-இல் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிக்குதிரையைப் போல் கோடிட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள்; போர்வை மூடிய இடங்களில் ஈ உட்காருவது வெகுவாகக் குறைந்தது, மூடாத தலையில் குறையவில்லை. அதே ஆண்டில் ஜப்பானியர் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளைக் கோடுகள் தீட்டிப் பார்த்ததில், ஈக்களின் தொல்லை பாதியளவாயிற்று. எனவே வெளிர் நிறமான ஒரு பழைய பருத்தித் துணியை முதுகில் போர்த்துவதும் நல்ல உபாயமே. இதைப் படித்துவிட்டு எவரும் குதிரைமேல் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டாம், தோல் வெந்துபோகும்!

சிறு பூச்சிக்கு விரோதி காற்று. அது பலமாகப் பறக்கத் தெரியாதது. தேரி மணலை வாரி வீசும் ஆனி, ஆடிக் காற்றில் அதன் ஆட்டம் செல்லாது. காற்றடங்கிய மாதங்களில் அந்திக்கு முன்பே குதிரையை உள்ளே கட்டி, மின்சார விசிறி ஒன்றைச் சுழலவிட்டால் மிகுந்த பலன் உண்டு. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் இது நுழைந்துவிடும். மிக நெருக்கமான வலை வேண்டும். நம்முடைய கொட்டில்களில் மாலையில் வேப்பிலையும் நொச்சியும் இட்டு மூட்டம் போடுவது நெடுநாளைய வழக்கம். திறந்த வெளியில் அது நல்லது. அடைத்த லாயத்தில் புகை மண்டினால் குதிரையின் சுவாசப்பை கெட்டுவிடும்.

கண்ணைச் சுற்றி மொய்க்கும் வீட்டு ஈக்கு, நெற்றிப் பட்டையில் தொங்கவிடும் மெல்லிய நூற் குஞ்சமே போதும். ஜட்காக் குதிரைகளுக்கு நம்மவர் கட்டிய குஞ்சம் வெறும் அலங்காரமன்று.

எண்ணெயும் மருந்தும்

இவ்வளவும் செய்த பிறகுதான் தைலத்தின் முறை வருகிறது. முதலில் நம் வேப்பெண்ணெய். 1993-இல் டில்லி மலேரியா ஆராய்ச்சி நிலையத்தார், தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெயைக் கலந்து மனிதர்களுக்குத் தடவிப் பார்த்து, மலேரியாக் கொசுக்களிடமிருந்து நல்ல பாதுகாப்புக் கிடைத்ததென்று கண்டார்கள். கொசுவுக்கும் சிறு பூச்சிக்கும் அது ஏற்றது. பெரிய காட்டு ஈயை அது தடுக்குமென்று நம்பியிருக்கலாகாது. தனி வேப்பெண்ணெயைக் கனமாகப் பூசினால் சில குதிரைகளுக்குத் தோல் எரியும். கலந்து பூசுவதே நலம். இலங்கையின் தென்கரையில் புகழ்பெற்ற சிட்ரனெல்லாப் புல் தைலம் வாசனையால் விரட்டுவது. வாசனை பறந்துவிட்டால் பலனும் பறந்துவிடும். சவாரிக்கு ஒரு மணி நேரம் போதுமென்றால் அதை வாங்கலாம். நாள் முழுவதும் நிற்கும் குதிரைக்குப் போதாது.

நீடித்த பலனை வேண்டுபவர்களுக்குப் பெர்மெத்ரின் என்னும் மருந்து உண்டு. சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவில் இயற்கையாக உள்ள பூச்சிக்கொல்லியைப் பின்பற்றி, வெயிலில் சீக்கிரம் அழியாதபடி இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1973-இல் அதை வெளியிட்டார்கள். ஈயை விரட்டுவதோடு கொல்லவும் செய்யும். ஆனால் பூனைக்கும் மீனுக்கும் அது கொடிய நஞ்சு. அதைப் பூசிய குதிரையை ஊர்க் குளத்தில் குளிப்பாட்டுவது பாவம். லாயத்தில் பூனை வளர்ப்பவர்கள் இருமடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். மனிதர்கள் பூசிக்கொள்ளும் டீட் என்னும் மருந்தும் ஈயை விரட்டக் கூடியதே. எனினும் பாதிக்குப் பாதியும் அதற்கு மேலுமான வீரியத்தில் பூசியபோது, குதிரைத் தோலில் பிசுபிசுப்பான கசிவு உண்டாயிற்று. மனிதனுக்கு ஏற்றது குதிரைக்கு ஏற்றதென்று எண்ணக்கூடாது என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

வாங்கு முன் கேட்க வேண்டியவை

ஆகவே கடைக்குப் போகிறவர் நான்கு கேள்விகளோடு போகட்டும். என் குதிரையைக் கடிப்பது எந்தப் பூச்சி? இந்த மருந்து குதிரைக்கென்றே செய்யப்பட்டதா? இதில் என்ன சரக்கு, நூற்றுக்கு எத்தனை பங்கு? வேர்வையிலும் மழையிலும் எவ்வளவு நேரம் நிற்கும்? சீட்டில் இவற்றுக்கு விடை இல்லாத புட்டியை, அதன்மேல் எவ்வளவு அழகான குதிரைப் படம் இருந்தாலும், கடையிலேயே விட்டுவிடுவது மேல்.

வாங்கிய பின், முதலில் கழுத்தில் ஒரு சிறு இடத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். தடிப்போ எரிச்சலோ இல்லையானால் அழுக்கை நன்றாகத் தேய்த்துப் போக்கிவிட்டுப் பூச வேண்டும். லாயத்து ஈக்குக் கால்களிலும், சிறு பூச்சிக்குப் பிடரி, வாலடி, வயிற்றிலும் தவறாமல் படவேண்டும். கண், வாய், புண், சேணம் உரசும் இடம் இவற்றில் படலாகாது. முகத்துக்குத் துணியில் நனைத்துத் துடைப்பதே முறை. மண்ணெண்ணெயும் மோட்டார் எஞ்சினில் கழித்த எண்ணெயும் மலிவாகக் கிடைக்கின்றன என்று சிலர் பூசுவதுண்டு. அது வைத்தியமன்று, ஹிம்சை. குதிரைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, கால் வீங்கி, நன்றாகத் தின்றும் உடல் மெலிந்தால், அது ஈக்கடியோடு நிற்கும் விஷயமன்று. தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் இரத்தத்தைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

பாண்டியனுடைய பொக்கிஷத்துக்கு ஓர் ஆண்டின் நஷ்டத்தை அடுத்த ஆண்டுக் கப்பல் ஈடு செய்தது. இன்று ஒரு வண்டிக்காரனுக்கு இருப்பது ஒரே குதிரை. அது போனால் இன்னொன்றைக் கொண்டுவரும் கப்பல் எந்தத் துறையிலும் வந்து நிற்காது. குதிரையோ வாயில்லா ஜீவன். என்னைக் கடிப்பது இன்ன ஈ என்று அது சொல்லாது. அதன் காலும் வாலும் பிடரியும் சொல்லுவதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அதை வளர்ப்பவர்களே.